வீட்டு கிராண்டும் கோவில் முத்திரையும்: பினாங்கு கோவில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர் அண்ணன்மார்களே, மகளிர் பிரிவு அக்காமார்களே,

வணக்கம். நான் ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க். வீடு வாங்குவது, விற்பது, பெயர் மாற்றுவது, இறந்தவர் பெயரில் இருப்பதைப் பிள்ளைகள் பெயருக்குக் கொண்டுவருவது, இதுதான் இருபது வருஷத்துக்கு மேலாக என் வேலை. லாயர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு “அந்தம்மா லாயர் மாதிரி பேசுது” என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் லாயரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை எல்லாம் ஜனங்கள் என் மேசையில்தான் வந்து கேட்கிறார்கள்.

இதை அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், சாவு வீட்டிலிருந்து யாரும் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வருவதில்லை. முதலில் உங்களிடம்தான் வருகிறார்கள். மண்டபம் கேட்க, ஐயரைக் கேட்க, பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குப் பாத்திரம் கேட்க. எங்களிடம் வரும்போது சில சமயம் பத்து வருஷம் ஓடியிருக்கும்.

போன வருஷம் பெருநிலப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, கடைசியில் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள். மடிப்பு ஓரமெல்லாம் பழுப்பேறி, ஒரு மூலையில் விபூதி ஒட்டியிருந்தது. கருமக்கிரியை முடிந்த கையோடு கோவில் மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்பா வீடு பெரியவனுக்கு, பெரியவன் தம்பிக்கு இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) தர வேண்டும், தங்கைகள் இரண்டு பேரும் கல்யாணத்தில் சீர் வாங்கிக்கொண்டதால் பங்கு கேட்க மாட்டார்கள். நாலு பிள்ளைகளின் கையெழுத்து, அம்மாவின் கைநாட்டு, சாட்சியாகக் கோவில் தலைவர், கீழே நீல மையில் வேல் படம் போட்ட கோவில் முத்திரை. ஏழு வருஷமாக அந்தத் தாளைத்தான் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். பெரியவர் பாவம், இருபதாயிரத்தைத் தவணை தவணையாகக் கொடுத்து முடித்துவிட்டார். லேண்ட் ஆபிஸ் பதிவைப் பார்த்தால் வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. அதற்குள் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், கடைசிப் பையனுக்கு 9 வயது. தம்பியின் பங்கில் இப்போது அவர்களுக்கும் உரிமை உண்டு. அந்தப் பையன் பங்கை அவன் அம்மாகூட நினைத்த மாதிரி எழுதிக் கொடுத்துவிட முடியாது.

அந்தத் தலைவரை நான் குறை சொல்லவில்லை. சண்டை வராமல் இருக்கட்டும் என்று நல்ல மனசோடுதான் செய்திருப்பார். ஆனால் நம் நாட்டில் ஒரு வீடு யாருடையது என்று சொல்வது லேண்ட் ஆபிஸ் பதிவேடு. அதில் பெயர் ஏறினால்தான் உண்டு. கோவில் முத்திரை, பஞ்சாயத்து, அம்மா தலையில் அடித்துச் சத்தியம், எதை வைத்தும் அங்கே பெயரை மாற்ற முடியாது. அதனால் முதல் கோரிக்கை இது: பதினாறாம் நாள் மண்டபத்தில் பாகப்பிரிவினைத் தாள் எழுத விடாதீர்கள், உங்கள் முத்திரையை அதில் குத்தாதீர்கள். பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், நல்லதுதான். வந்ததும் “அடுத்த வாரமே பூசாக்கா கெச்சிலுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்புங்கள்.

பூசாக்கா கெச்சில் என்றால் சின்னச் சொத்து என்று பெயர்தான் அப்படி. உயில் எழுதாமல் இறந்தவர், வீடோ நிலமோ விட்டுப் போயிருக்கிறார், எல்லாச் சொத்தையும் சேர்த்தாலும் 50 லட்சம் வெள்ளியைத் தாண்டவில்லை என்றால் இந்த வழியில் போகலாம். முன்பு 20 லட்சம்தான் வரம்பு, 2024 ஜூலை 15 முதல் 50 லட்சமாக ஏற்றிவிட்டார்கள். தாமான் வீடு, ஃபிளாட் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் அநேகமாக எல்லோரும் இதற்குள் அடங்கிவிடுவார்கள். ஹைகோர்ட் வேண்டாம், லாயர் கட்டாயமில்லை, வாரிசுகளில் ஒருவர் போராங் ஏ (ஏ படிவம்) பூர்த்தி செய்து கொடுத்தால் போதும். அப்புறம் பிச்சாராவுக்கு, அதாவது விசாரணைக்கு, தேதி தருவார்கள். எல்லா வாரிசும் அதிகாரி முன்னால் போய் உட்கார வேண்டும், வர முடியாதவர் சம்மதத்தை அதற்கென்று இருக்கும் பாரத்தில் எழுதிக் கொடுக்கலாம். கடைசியில் யாருக்கு எவ்வளவு என்று உத்தரவு வரும். அந்த உத்தரவைப் பதிய வேண்டும், அதை மறக்கிறார்கள். உத்தரவைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துவிட்டு, பதியாமலேயே இருந்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

உயில் இருந்தால் கதை வேறு, அது ஹைகோர்ட்டுக்குப் போகும்.

யாருக்கு எவ்வளவு என்பதில்தான் மண்டபத்தில் நாற்காலி பறக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உயில் இல்லாமல் ஓர் இந்து அப்பா இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம்தான் கணக்குப் போடும். மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இறந்தவரின் அப்பா அம்மா இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. நாலு பிள்ளை என்றால் ஆளுக்கு ஆறில் ஒன்று. பாட்டி உயிரோடு இருந்தால் கணக்கு மாறிவிடும்: பாட்டிக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பாட்டியை யாரும் நினைப்பதே இல்லை! அவர் பாட்டுக்குச் சித்தப்பா வீட்டில் வெற்றிலை இடித்துக்கொண்டு இருப்பார், இங்கே பேரனும் மருமகளும் அவருக்குப் பங்கே இல்லாத மாதிரி பேசி முடித்திருப்பார்கள்.

மகன், மகள் என்று அந்தச் சட்டத்தில் வேற்றுமை கிடையாது. மூத்தவனுக்குக் கூடுதல் கிடையாது. “கொள்ளி வைத்தவன் நான்தானே” என்று ஒருவர் என் மேசையைத் தட்டிக் கேட்டார். கொள்ளி வைத்தவருக்கும் அதே ஆறில் ஒன்றுதான் அண்ணே. தங்கைகள் மனசார விட்டுக்கொடுப்பதாக இருந்தால், அதைப் பிச்சாராவில் அதிகாரி முன்னால் சொல்லட்டும். ஒரு வாரிசு இன்னொரு வாரிசுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்தால் 2024 ஜனவரி 1 முதல் முத்திரை வரி வெறும் 10 வெள்ளி. இதை யாரும் சொல்லாததால் பலர் “வரி எக்கச்சக்கமா வரும்” என்று பயந்துகொண்டு விட்டுக்கொடுத்ததை எழுத்தில் வைக்காமல் இருக்கிறார்கள்.

அம்மாக்கள் அடிக்கடி கேட்பது இன்னொன்று. “வீட்டில் என் பேரும் இருக்கு, அவர் போயிட்டா வீடு எனக்குத்தானே?” இல்லை அக்கா. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் பாதிப் பாதி இருந்தால், உங்கள் பாதி உங்களுடையது, அவர் பாதி அவர் சொத்தில் சேர்ந்துவிடும். பிள்ளைகள் இருந்து, அவருடைய அப்பா அம்மா இல்லை என்றால், அவர் பாதியிலும் உங்களுக்கு மூன்றில் ஒன்று வரும், எல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு வீடு உங்களுடையது, மீதி பிள்ளைகளுடையது. மருமகன், மருமகள் நல்லவர்களாக இருக்கும்வரை இதில் பிரச்சினை இல்லை. இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) வாரிசு பெயர் போட்டுவிட்டதால் வீட்டுக்கும் அது செல்லும் என்று நம்புகிறவர்களும் நிறைய. இபிஎஃப் வேறு, வீடு வேறு. வீட்டுக்கு அப்படிப் பெயர் போடும் பாரமே இல்லை, வீட்டுக்கு உயில்தான்.

அதே மாதிரி “அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கார்” என்று வருவார்கள். அப்பா கண்ணை மூடியதும் அந்தப் பவரும் சாதாரணமாகச் செத்துப் போச்சு. அதை வைத்து வீட்டை விற்கிறேன் என்று ஒரு மகன் அட்வான்ஸ் வாங்கிச் செலவும் செய்துவிட்டார், வாங்க வந்தவர் எங்கள் கட்சிக்காரர். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நாங்கள் பட்ட பாடு வேண்டாம். இறந்தவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது, அதை விற்கப் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டால், முதலில் உத்தரவு வாங்கினார்களா என்று கேளுங்கள்.

இப்போது கோவிலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். தாலி.

1982 மார்ச் 1 அன்று நம் கல்யாணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் சம்பிரதாயப்படி நடந்த கல்யாணங்கள் செல்லும், ஆனால் நடந்தது என்று காட்ட வேண்டும். பூசாக்கா பாரத்தோடு கல்யாணச் சான்றிதழ் கேட்பார்கள். கோவிலில் தாலி கட்டி, நாலு பிள்ளை பெற்று, முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் சான்றிதழ் இல்லாமல் கவுண்டரில் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தாலியைத் தூக்கிக் காட்டினார் ஓர் அம்மா. அந்த அதிகாரி நல்ல பெண், தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் பைலில் எதையும் எழுத முடியவில்லை. பதிவு இல்லாத கல்யாணத்துக்குக் கோர்ட் வரை போய் வாதாட வேண்டி வரலாம், பிள்ளைகளின் பங்கும் சேர்ந்து இழுபடும்.

ஆகவே இரண்டாவது கோரிக்கை: மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும் அதே மேசையில், பதிவுச் சான்றிதழின் நகலையும் கேளுங்கள். உங்களில் சில கோவில்களிலும் சங்கங்களிலும் பதிவதிகாரிகளே இருக்கிறார்கள், அப்படி இருக்கும் இடத்தில் இது ஒரு வேலையே இல்லை. மற்றவர்கள் ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) போய்விட்டு வரச் சொல்லலாம். “எதுக்கு ஐயா கேள்வி, நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்” என்று முறைப்பார்கள். முறைக்கட்டும்.

பழைய பதிவேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள், இதையும் கேட்டுக்கொள்கிறேன். அறுபதுகளில், எழுபதுகளில் கல்யாணம் நடந்த தேதி, மாப்பிள்ளை பெண் பெயர், காணிக்கை எவ்வளவு என்று கோவில் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு பாட்டியம்மாவுக்கு அப்படி ஒரு புத்தகத்தின் நகல்தான் கைகொடுத்தது. கரையான் அரித்த பக்கம், காணிக்கை 11 வெள்ளி, அதற்குப் பக்கத்தில் அவர் பெயர். கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்கிறோம் என்று ஸ்டோர் ரூமைக் காலி செய்யும்போது ஒரு நிமிஷம் புரட்டிப் பாருங்கள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் வேலை நேரத்தில் பாதி இதில்தான் போகிறது. கிராண்டில், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தில், அப்பா பெயர் முனியாண்டி, மகனின் பிறப்புப் பத்திரத்தில் முனியண்டி, இறப்புச் சான்றிதழில் முணியாண்டி. தாத்தா சின்னசாமியை ஒரு தாளில் ‘எஸ்’ போட்டும் இன்னொன்றில் ‘சி எச்’ போட்டும் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார், அதை இன்னொருவர் பார்த்து எழுதினார். கிராண்டில் பழைய ஐசி (அடையாள அட்டை) நம்பர் இருக்கும், மற்ற தாள்களில் 12 இலக்கப் புது நம்பர். மனிதர் உயிரோடு இருந்தால் அவரே போய் “நான்தான் அது” என்று சொல்லிச் சரி செய்துவிடலாம். இறந்த பிறகு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, ஆதாரம் தேடி, ஜேபிஎன்னுக்கும் லேண்ட் ஆபிஸுக்கும் நடந்து... ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு குடும்பம் ஏழெட்டு மாதம் அலைந்திருக்கிறது. இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்கள் கிராண்டையும் ஐசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்கலாம், தப்பில்லை.

உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். மாற்றலாம். அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு, தாத்தா பாட்டியிடமிருந்து பேரப் பிள்ளைக்கு அன்பளிப்பாக எழுதினால், 2023 ஏப்ரல் 1 முதல், சொத்து மதிப்பில் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு முத்திரை வரி கிடையாது, அதற்கு மேல் உள்ளதற்குப் பாதி. வாங்குகிறவர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். கணவன் மனைவிக்குள் முழு விலக்கு. அண்ணன் தம்பிக்கு ஒன்றும் இல்லை, முழு வரி. “அப்ப எனக்கும் என் தம்பிக்கும் அன்பு இல்லைன்னு அரசாங்கமே முடிவு பண்ணிருச்சா?” என்று ஒரு பெரியவர் கேட்டார், எங்கள் லாயரே சிரித்துவிட்டார். வரி இல்லை என்பதற்காக அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. பெயர் மாறிய நிமிஷத்திலிருந்து வீடு பிள்ளையுடையது. அவன் கடனில் விழுந்தால் வீடும் விழும். அவன் குடும்பம் பிரிந்தால் வீடும் பேச்சுக்கு வரும். அம்மா இருக்கும்வரை இங்கேதான் இருப்பார் என்று வாயால் சொன்னது கிராண்டில் ஏறாது. எனக்கென்றால் உயில் எழுதி வைப்பதுதான் நிம்மதி.

உயிலில் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டு சாட்சி வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும், சொத்து வாங்கப் போகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. பாசமான மருமகன் முதல் ஆளாகப் பேனாவை எடுத்துக்கொண்டு வருவார், நிறுத்துங்கள். இரண்டாவது, உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால், அந்தக் கல்யாணத்தை நினைத்தே எழுதியது என்று உயிலில் இல்லாவிட்டால், பழைய உயில் ரத்து. மனைவியை இழந்து மறுமணம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வாங்குகிறவர்களின் கேள்விகளும் கொஞ்சம் இருக்கின்றன. கோவிலுக்கு வரும் இளம் பிள்ளைகள் உங்களிடம் “அங்கிள், வீடு பார்த்திருக்கோம்” என்று சொல்லும்போது உங்களுக்கு உதவும்.

பழைய வீடு வாங்குகிறவர்கள் ஏஜெண்ட் கேட்டதும் 2 சதவீதம் கட்டிவிட்டு அப்புறம்தான் எங்களிடம் வருகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் லேண்ட் ஆபிஸில் ஒரு சாரியான் (பதிவேட்டுத் தேடல்) எடுத்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்: யார் பெயரில் இருக்கிறது, கெரானா (நிரந்தர உரிமை) பாஜாக்கானா (குத்தகை), பாஜாக்கான் என்றால் குத்தகை எந்த வருஷம் முடிகிறது, யாராவது கேவியட் (பெயர் மாற்றத் தடை) போட்டிருக்கிறார்களா, எந்த வங்கியில் அடமானம், விற்க மாநில அரசின் அனுமதி வேண்டுமா. கடைசியாகச் சொன்னதுதான் குத்தகை நிலத்தில் மாதக்கணக்கில் இழுக்கும். கெரான் என்று மட்டும் இருந்தால் பதிவு கொம்தாரில் உள்ள மாநில அலுவலகத்தில், கெரான் மூக்கிம் என்று இருந்தால் அந்தந்த மாவட்டத்து லேண்ட் ஆபிஸில். தீவில் வீட்டை வைத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமில் வரிசையில் நின்ற ஆளை எனக்குத் தெரியும்.

2 சதவீதம், ஒப்பந்தம் போடும்போது 8 சதவீதம், ஆக 10. மீதிக்குப் பொதுவாக மூன்று மாதம், அதிலும் முடியாவிட்டால் வட்டியோடு இன்னொரு மாதம். இதற்கு மேல் செலவு வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. 4 லட்சம் வெள்ளி வீடு, 90 சதவீதம் லோன் என்று வையுங்கள். பெயர் மாற்ற முத்திரை வரி 7,000. லாயர் கட்டணம் ஒன்றேகால் சதவீதம், அது 5,000. லோன் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு அரை சதவீத முத்திரை வரி 1,800, லோன் பத்திரத்துக்கு லாயர் கட்டணம் 4,500. லாயர் கட்டணம் இரண்டுக்கும் 8 சதவீத சேவை வரி, 760. எல்லாம் கூட்டினால் 19,060, பதிவுச் செலவு, சாரியான், வங்கி மதிப்பீடு தனி. கட்டண அட்டவணை சட்டத்திலேயே இருக்கிறது, 2023 ஜூலை 15 முதல் நடப்பில் இருப்பது, நாங்கள் வாய்க்கு வந்தபடி கேட்பதில்லை. (சரி, கேட்பவர்களும் இருக்கலாம். பில்லை வாங்கிப் பாருங்கள்.)

முதல் வீடு, 5 லட்சம் வெள்ளிக்குள் என்றால் அந்த இரண்டு முத்திரை வரிக்கும் விலக்குக் கிடைக்கும். மேலே சொன்ன கணக்கில் 8,800 மிச்சம். ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. முதல் வீடு என்றால் இதற்கு முன் எந்தக் குடியிருப்பும் அவர் பெயரில் இருந்திருக்கக்கூடாது, வாரிசாக வந்ததோ அன்பளிப்பாக வந்ததோ, தனியாகவோ கூட்டாகவோ, எதுவும். அப்பா வீட்டில் ஆறில் ஒரு பங்கு பெயரில் ஏறிய பையன், அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தனியாகப் படுத்ததில்லை, அவனுக்கு அந்த விலக்கு இல்லை. பாகம் பிரிக்கும்போது கல்யாணமாகாத தம்பி தங்கை இருந்தால், பங்கை எடுத்துக்கொள்வதா விட்டுக்கொடுத்து வேறு விதமாக ஈடு கட்டுவதா என்று இதையும் போட்டு யோசிக்க வேண்டும். மண்டபத்தில் யார் இதை யோசிக்கிறார்கள்?

புது வீடு என்றால் “லாயர் ஃபீஸ் இலவசம்” என்று விளம்பரம். அந்த லாயர் டெவலப்பருடைய லாயர். டெவலப்பருக்காக நிற்கும் லாயர் அதே விற்பனையில் வாங்குகிறவருக்காகவும் நிற்கக்கூடாது என்பது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடும்போது எதிரில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு போடுங்கள், அவ்வளவுதான். சொந்தமாக லாயர் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் போடும் முன் புக்கிங் பணம் வாங்குவதும் கூடாது, ஆனாலும் வாங்குகிறார்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கிராண்டே இல்லாமல் குடியிருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குளுகோரில் புவா பாலா கிராமத்தை 2009இல் இடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மாடு வைத்து வாழ்ந்த இடம், நிலம் அவர்கள் பெயரில் இல்லை. இன்னமும் டிஓஎல் தாளை வைத்துக்கொண்டு “தாத்தா நிலம்” என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. டிஓஎல் என்பது வருஷா வருஷம் எடுக்கும் லைசென்ஸ், பெயர் உள்ளவர் இறந்தால் அதோடு முடிந்தது, பிள்ளைக்கு இறங்காது. அவர்கள் வேறு கதவைத் தட்ட வேண்டும், காலத்தோடு.

மூன்றாவது கோரிக்கைதான் கடைசி. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். எங்கள் அலுவலகத்து லாயர் அம்மாவும் காசு வாங்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அவருக்குப் பேர் வேண்டாம், பொன்னாடை கண்டிப்பாக வேண்டாம். மேடை, பேனர், குத்துவிளக்கு ஒன்றும் தேவையில்லை. மண்டபத்து ஓரத்தில் இரண்டு மேசை, ஒரு ஃபேன், பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் நகல் எடுக்கும் மெஷினை நானே காரில் கொண்டு வருகிறேன். வருகிறவர்கள் கிராண்ட் நகல், ஐசி, பிறப்புப் பத்திரம், கல்யாணச் சான்றிதழ், யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பத்திரிகை அடிக்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், தமிழில் போடுங்கள்.

நேரம் மட்டும் நான் சொல்கிறபடி வையுங்கள். மதிய பூஜை முடிந்து அன்னதானத்துக்கு முன்னால். அன்னதானம் முடிந்தபின் வைத்தால் நானும் லாயர் அம்மாவும் மட்டும்தான் உட்கார்ந்திருப்போம், போன தடவை ஓர் இடத்தில் அப்படித்தான் ஆனது.

அன்புடன்,
ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு கிளார்க்